மிளகு மூட்டைக்குப் பின்னால்

ஆதிபா சுவருக்கும் மிளகு மூட்டைகளுக்கும் நடுவே தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். சிலந்திவலை அகப்பட்டது, காணாமற்போய்ப் பல மாதமான சாக்குத் தைக்கும் ஊசி அகப்பட்டது, தேடியது மட்டும் அகப்படவில்லை. வெளியே முற்றத்தில் றம்ஸி சாச்சா ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஸ்டோர ஒதுக்குங்க. மூட்டையெல்லாம் பின்பக்கம் தூக்கிப் போட்டா ஆம்பளைகளுக்கு இங்கயே கதிரை போட்டுடலாம்."

விடியற்காலைச் சுபஹு பாங்குக்குச் சற்று முன்புதான் அவளுடைய வாப்பா யாகூப் மவுத்தாகியிருந்தார். மாலை அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தாகிவிட்டது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை போகும் பாதையோரம் அவர்கள் வீடு. முன்பக்கம் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி வைக்கும் ஸ்டோர், பின்பக்கம் குடியிருப்பு. ஊர் திரண்டு வரும் நாளில் ஸ்டோரை ஒதுக்கத்தான் வேண்டும். றம்ஸி சாச்சாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாப்பாவோடு ஒன்றாக வியாபாரம் செய்தவர், பள்ளி நிர்வாகத்திலும் இருப்பவர், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடித் திரிகிறார். ஆனால் அவருடைய ஆட்கள் மூட்டையைப் புரட்டினால் பின்னால் இருக்கும் சாராயப் போத்தலும் சேர்ந்து புரளும். ஜனாஸா வீட்டில், பள்ளி ஆட்களின் காலடியில், சாராயப் போத்தல். அதற்குப் பிறகு வாப்பாவின் பெயரை எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது?

கடைசி மூட்டைக்குப் பின்னால், வாப்பாவின் கிழிந்த பனியன் ஒன்றில் சுற்றியபடி அது இருந்தது. இழுத்து எடுத்தாள். தொடவே கை கூசியது. மணிக்கட்டில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டு, போத்தலைத் துணியோடு சேர்த்து முக்காட்டுத் தாவணிக்குள் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது றம்ஸி சாச்சா வாசலில் நின்றார்.

"என்ன மகள், இங்க என்ன தேடுற?"

"பாய், சாச்சா. பொம்பளைகளுக்கு விரிக்க."

"பாய நான் அனுப்புறேன். நீ உம்மாகிட்டப் போய் இரு. இண்டைக்கு நீ எதுக்கும் அலைய வேணாம்." அவர் கண் சிவந்திருந்தது. நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் கவிழ்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பின்கட்டிலோ அக்கம்பக்கத்துப் பெண்கள் கேத்தலும் கோப்பையுமாக நிறைந்திருந்தார்கள். மவுத்தான வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பிளேன்டீ முதல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. குசினியில் ஆள், கிணற்றடியில் ஆள், குளியலறையில் மையத்தைக் குளிப்பாட்டும் ஏற்பாடு. கடைசியில் உம்மாவின் அறைக்குள் நுழைந்து அலுமாரியைத் திறந்து, வாப்பாவின் சாரங்களுக்குப் பின்னால் அதைச் சொருகிச் சாத்தினாள்.

சாத்திய பிறகும் அலுமாரியை விட்டு நகர முடியவில்லை. சாரங்களிலிருந்து கராம்பு வாசம் வந்தது. சவர்க்காரம் எது மாற்றினாலும் வாப்பாவின் துணியிலிருந்து அந்த வாசம் போனதே இல்லை. சின்ன வயதில் கண்ணைக் கட்டிவிட்டு ஆட்களுக்கு நடுவே விட்டாலும் வாப்பாவைக் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்போதெல்லாம் அவருக்குப் பெரிய வயிறு. கையும் காலும் வயிற்றுக்கு ஏற்ற அளவில் இருந்த, அழகான பெரிய மனிதர். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் ஸஹன் வைத்த கல்யாணமென்றால் யாகூப் நானா எந்த ஸஹனில் உட்காருகிறார் என்று பார்த்துத்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். தானும் சாப்பிடுவார், கூச்சப்படுகிறவன் பக்கம் இறைச்சியைத் தள்ளியும் விடுவார். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தால் முதல் கரண்டியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் வாயில் வைப்பார். "யாகூப் நானாக்கு ரெண்டு கார்ட் அனுப்பணும், ஒண்ணு அவருக்கு, ஒண்ணு அவர்ட வயித்துக்கு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பாடசாலை விடுமுறை நாட்களில் ரிவர்ஸ்டன் பக்கம் மிளகு வாங்கப் போகும்போது ஆதிபாவையும் வேனில் ஏற்றிக்கொள்வார். இரத்தோட்டை தாண்டி ஏற ஏற மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டும். வழியில் தகரக் கூரைக்குக் கீழே, கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுத்த கித்துள் பாணி விற்கும் ஒருவரிடம் வேன் தானாகவே நின்றுவிடும். அந்தப் பக்கத்தில் பாணி என்றாலே பழைய சாராயப் போத்தல்தான், வேறு போத்தலுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? வாப்பா வாங்கியதும் முதல் வேலையாகப் பேனாக்கத்தியை எடுத்து லேபலைச் சுரண்டி எடுப்பார். அரை லேபல்கூட மிஞ்சக் கூடாது. "பள்ளிப் பக்கத்து வூடு மகள். உள்ளுக்கு என்ன இருக்குன்னு யாரு பாப்பாங்க? லேபலத்தான் பாப்பாங்க" என்பார். பிறகு கடைக்காரரிடம் சாயத் தண்ணி, அதாவது பாலில்லாத தேநீர், வாங்கி, ஆதிபாவின் உள்ளங்கையில் ஒரு சொட்டுப் பாணியை விடுவார். நக்கி நக்கித்தான் குடிக்க வேண்டும். கோப்பையின் கடைசி மிடறை எப்போதும் தான் குடிக்காமல் அவளுக்கு நீட்டுவார். வீட்டிலும் அதே வழக்கம்தான். கல்யாணமாகி, கணவன் கட்டாருக்குப் போய், பிறந்த வீட்டிலேயே அவள் தங்கிவிட்ட பிறகும் வாப்பாவின் கோப்பையில் கடைசி மிடறு அவளுக்கென்றே இருந்தது. சீனியெல்லாம் அடியில் தங்கிக் கிடக்கும் மிடறு அது.

அவருடைய கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருக்கும். மிளகு வியாபாரியின் கழுத்தில் மிளகுத் தூசி படியாமல் வேறென்ன படியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெருநாளைக்கு முதல் நாள் உம்மா அவரைக் கிணற்றடியில் உட்கார்த்தி, பாதித் தேசிக்காயும் அரிசிமாவுமாகத் தேய் தேய் என்று தேய்ப்பாள். "இந்தத் தூசி மையத்தோடதான் போகும்" என்று அலுத்துக்கொள்வாள். வாப்பா குனிந்தபடி, கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டிருப்பார்.

அது தூசி இல்லை என்று சொன்னவர் டொக்டர் நிரூபன். அதற்குள் காலம் கடந்திருந்தது. பிரஷருக்கு ஒரு குளிசை, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு இரண்டு என்று வாப்பாவின் மேசை ஏற்கெனவே நிறைந்திருந்தது. பல வருடங்களுக்கு முன்பு ஒரு ஸ்கேனில் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று எழுதியிருந்தபோது, "எனக்குக் கொழுப்புன்னு உங்கட உம்மா கல்யாணத்தண்டைக்கே சொல்லிட்டாளே" என்று வீட்டைச் சிரிக்க வைத்தவர் அவர். யாருக்குத்தான் இல்லை என்று எல்லோரும் மறந்துபோனார்கள். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக் கிளினிக்குக்குப் போனபோதுதான் ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள்.

டொக்டர் நிரூபன் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லப் பேசுவார். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. குடிக்கிற பழக்கம் ஏதும் இருந்ததோ?"

வாப்பா முதலில் சிரித்தார். "தொழுற மனுசன் டொக்டர்."

"ஒருநாளும் இல்லையோ?"

"இல்ல."

"சரி. குடியாத ஆக்களுக்கும் இது வரும். உந்த வயிறு, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் ஒரே குடும்பம். இன்சுலின் உடம்பிலை இருக்கு, ஆனா உடம்பு அது சொல்லுறதைக் கேக்குதில்லை. கேக்காட்டி இன்னும் கூடச் சுரக்கும். கழுத்து கறுக்கிறது அதாலதான். எரிக்கேலாத சீனியைக் கொழுப்பாக்கி ஈரல் தனக்குள்ளயே சேர்த்து வைக்கும். இண்டைக்கு நேற்று வந்ததில்லை, இருபது வருசத்து வேலை." பிறகு வாப்பாவை நேராகப் பார்த்து, "இனிப்பை விட்டாச்சுத்தானே?" என்றார்.

வாப்பா ஆதிபாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். டொக்டர் மரியாதைக்காகத்தான் குடியாத ஆக்கள் என்று சொல்கிறார் என்று ஆதிபா நினைத்தாள். வாப்பா தலை குனிந்ததற்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவள் அந்தக் காட்சியைக் கண்டிருந்தாள்.

கராம்பு காயப்போட்டிருந்த ஒரு மாலை. வாப்பாவைச் சாப்பிடக் கூப்பிட ஸ்டோருக்குப் போனாள். மூட்டைகளுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் போத்தல், அதன்மேல் சிவப்பும் பொன்னுமாகச் சாராய லேபல். போத்தலை வாயில் கவிழ்த்துக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்தபடியே நின்றார். பிறகு மூடியைத் திருகி, பனியனில் சுற்றி, சுவரோரமாக வைத்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஆதிபா சத்தமில்லாமல் பின்வாங்கினாள். ஸ்டோர் முழுக்க மிளகும் கராம்பும் மணக்கும்போது வேறு எதன் நெடி தெரியும்?

யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவிடம் சொன்னால் உம்மா உடைந்துபோவாள். தம்பி பஸ்லியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வாப்பாவின் கோப்பையில் வாய் வைப்பதை நிறுத்திக்கொண்டாள். அவர் வழக்கம்போலக் கடைசி மிடறை மிச்சம் வைத்து மேசையில் வைப்பார். சீனி போடாத தேநீர்தான், ஆனாலும் மிச்சம் வைப்பார். அவள் அதைக் கானில் ஊற்றிக் கோப்பையைக் கழுவி வைப்பாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சம் வைப்பதையும் விடவில்லை.

போன நோன்புக்குப் பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் கால் பின்னி, நாக்குக் குழறி, தெரிந்த த்ரீவீலர்காரனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். ஈரல் கழிவை வெளியேற்றாவிட்டால் அது மூளைக்கு ஏறும், குடிவெறியிலிருக்கிற ஆள் மாதிரித்தான் தெரியும் என்று டொக்டர் விளக்கினார். டொக்டர் விளக்கியது வீட்டுக்கு. ஊருக்கு யார் விளக்குவது? ஊர் கண்ணால் கண்டதை வாயில் போட்டு மென்றது. அரசல்புரசலாகத் தொடங்கி, ஈரல் வருத்தம் என்று தெரிந்ததும் உறுதியாகிவிட்டது. பஸ்லி சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறானே, அங்கே பார் இருக்கிறதே, போத்தல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவா வேண்டும்?

மையத்தைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டு நடு அறையில் வைத்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. வயிற்று நீரின் மேடு கபனுக்கு வெளியேயும் தெரிந்தது. பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஓதாத வாய்களும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வீட்டு ஹமீமா மாமி, வாப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. கெட்டவள் என்று சொல்ல முடியாது. காலையில் முதலாவதாக ஓடிவந்து உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள்தான். ஆனால் நாக்குக்கு ஓய்வு கொடுத்துப் பழகாதவள்.

"நல்ல மனுசன்தான். என்ன செய்ய, பழக்கம் ஒண்ணு வந்துட்டா விடுமா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "ஈரல் சும்மா கருகுமா? அல்லாஹ்தான் மன்னிக்கணும்."

உம்மா அதைக் கேட்டாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. உம்மா றமீஸா எப்போதும் அப்படித்தான். வாப்பா பேசுகிறவர், உம்மா பேசாமல் இருக்கிறவள். மையத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து வாப்பாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்லி ஆதிபாவைக் கண்ணால் கூப்பிட்டான். உம்மாவின் அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினான். சட்டைக் கை இன்னும் ஈரமாக இருந்தது. குளிப்பாட்டியவர்களில் அவனும் ஒருவன்.

"தாத்தா," என்றான். அவர்கள் வழக்கத்தில் அக்காதான் தாத்தா. "வாப்பாட கழுத்து அப்படியே இருந்திச்சு. எவ்வளவு தேச்சும் போகல்ல. போகாதுன்னு தெரியும், தெரிஞ்சும் தேச்சேன்."

அவள் தலையசைத்தாள்.

"மாமி ஆக்கள் கதைக்கிறது கேட்டிச்சா? நான் ஹோட்டல்ல இருந்து போத்தல் கொண்டந்து குடுத்தேனாம்." ஈரச் சட்டைக் கையை மடித்துவிட்டான். "என்னை என்ன வேணும்னாலும் சொல்லட்டும். வாப்பாவச் சொல்றாங்க, அவர் முகத்த மூடக்கூட இல்ல."

"விடு பஸ்லி."

"விட ஏலாது. ஜனாஸாத் தொழுகைக்கு முந்தி நான்தான் எழும்பி வாப்பாவுக்காக ஊர்கிட்ட மாப்புக் கேக்கணும். அதோட ஒண்ணு சொல்லப் போறேன். எங்கட வாப்பா ஒருநாளும் குடிச்சதில்ல, அல்லாஹ் மேல சத்தியம்னு மைக்கிலயே சொல்லப் போறேன். ஊருக்கே கேக்கட்டும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். "நான் மாசத்துக்கு ஒருக்கா வந்து போறவன். நீதான் கூடவே இருந்தவ. சொல்லலாம்தானே?"

ஆதிபாவின் முதுகுக்குப் பின்னால் அலுமாரி இருந்தது. ஓ, சொல்லலாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் தம்பி பள்ளிக்குள், ஜனாஸாவை முன்னால் வைத்துக்கொண்டு, அல்லாஹ்வின் பேரால் பொய்ச் சத்தியம் செய்வான். அந்தப் பாவம் யாரைச் சேரும்? கப்ருக்குப் போகிற வாப்பாவின் தலையிலும் அதை ஏற்றி அனுப்புவதா?

"சத்தியம் எதுக்கு?" என்றாள். "மாப்புக் கேட்டாப் போதும்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் ஏதாவது பொருள் உடைந்தால், அவள் முகத்தைப் பார்த்தே யார் உடைத்தார்கள் என்று கண்டுபிடிப்பவன். இப்போதும் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டான். "சரி" என்றான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனான்.

மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது ஆண்களின் கலிமாச் சத்தம் முற்றத்தை நிறைத்தது. பிறகு பாதையில் இறங்கி, வளைவில் திரும்பி, தேய்ந்தது. பெண்கள் போக முடிந்தது வாசல்வரைதான். பள்ளி கூப்பிடு தூரம், ஒலிபெருக்கியில் சொல்வது வீட்டுக்குள்ளேயே கேட்கும். ஆதிபா ஜன்னலோரம் நின்றாள். அஸர் தொழுகை முடிந்து, பஸ்லியின் குரல் கரகரத்துக்கொண்டு வந்தது.

"எங்கட வாப்பா உங்கள்ல யாருக்காவது மனசு நோகிற மாதிரி ஏதாவது செஞ்சிருந்தா, பேசியிருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செஞ்சிடுங்க." நிறுத்தினான். ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். இன்னும் ஏதோ சொல்லப்போகிறான் என்று எல்லோருக்கும் தோன்றும் அளவுக்கு நீண்டது அந்த இடைவெளி. "அவருக்காகத் துஆ செய்ங்க" என்று முடித்துவிட்டான்.

உள்ளே ஹமீமா மாமி பெருமூச்சு விட்டாள். "பாவம், புள்ளைக்கும் சொல்ல ஒண்ணும் இல்ல."

ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போயிருப்பார்கள். இதுதான் நேரம். ஆதிபா அறைக்குள் போனாள். உம்மா கட்டிலில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். தனியாக இருக்க வந்திருக்க வேண்டும். உம்மாவுக்கு முன்னால் எடுக்க வேண்டியதில்லை என்று திரும்பிப் போகப் பார்த்தாள். இருட்டுவதற்குள் அலுமாரியை யாராவது திறந்துவிடுவார்கள் என்ற நினைப்பும் விடவில்லை. சாரம் எடுப்பதுபோலக் கையை விட்டாள். பனியன் வழுகியது. போத்தல் லேபலோடு வெளியே வந்தது.

உம்மா பார்த்தாள். ஆதிபா லேபலைக் கையால் மூடப் பார்த்தாள்.

"அது இன்னும் முடியல்லையா?" என்றாள் உம்மா.

கையை நீட்டி வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சாய்த்தாள். உள்ளே இருந்தது கறுப்பாக, மெதுவாக, கண்ணாடியை விட்டு வர மனமில்லாமல் ஒரு பக்கம் நகர்ந்தது.

"ஒரு வருசமா வச்சித் தின்டிருக்காரு. பாதிகூடக் கொறயல்ல." உம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரிவர்ஸ்டன் பக்கத்து ஆள் மிளகோட கொண்டந்து குடுத்த பாணி. ஒரு நாளைக்கு ஒரு சொட்டு, அதுக்கு மேல கேக்கக் கூடாதுன்னுதான் குடுத்தேன். எத்தனையோ நாள் அந்தச் சொட்டும் எடுக்க மாட்டாரு. இருக்குன்னு தெரிஞ்சாப் போதுமாம்."

"ஏன் உம்மா ஒளிச்சு வச்சாரு?" கேட்ட குரல் தன்னுடையதுதானா என்று ஆதிபாவுக்கே தெரியவில்லை.

"உனக்குத்தான்." உம்மா முதல் முறையாக அவளைப் பார்த்தாள். "நீதானே சீனிப் பேணி, டின்பால், பிஸ்கட்டுன்னு எல்லாத்தையும் வீட்ட விட்டு ஓட்டினவ. மகள் கண்டா ஏசுவா, மகளுக்குச் சொல்லிடாதன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. லேபலச் சுரண்டுங்கன்னு சொன்னேன். கை நடுங்குது, கத்தி பிடிக்க ஏலாது, பிறகு பாப்போம்னாரு."

பாணி போத்தலிலிருந்து நினைத்த உடனே விழாது. கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, அது வரும்வரை நிற்க வேண்டும். இது ஆதிபாவுக்குத் தெரியாததா? ரிவர்ஸ்டன் மூடுபனியில் எத்தனை முறை அப்படி நின்றிருக்கிறாள். டொக்டர் இனிப்பைப் பற்றிக் கேட்டபோது வாப்பா தன்னை ஒருமுறை பார்த்ததும், கண்ணைத் தாழ்த்தியதும் ஞாபகம் வந்தது. கழுவி வைத்த கோப்பைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. பள்ளியில் தம்பி நிறுத்திய இடமும்.

"குடுத்திருக்கக் கூடாதுதான்," என்றாள் உம்மா, போத்தலைப் பார்த்துக்கொண்டே. "சீனியும் ஈரலத்தான் தின்னுதுன்னு டொக்டர் சொன்னாரு. தெரிஞ்சிதான் குடுத்தேன். ஸஹன்ல உக்காந்த மனுசன், சின்னப்புள்ள மாதிரிக் கேட்டாரு. என்ன செய்ய?" சேலைத் தலைப்பால் போத்தலின் கழுத்தைத் துடைத்தாள். பிறகு, "நீ என்னன்னு நெனச்ச?" என்றாள்.

ஆதிபாவின் கண் லேபலுக்குப் போனது. உம்மாவும் லேபலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை.

குசினியிலிருந்து அடுத்த வீட்டு ஸஜீதா எட்டிப் பார்த்தாள். "மாமி, சீனி முடிஞ்சி. தேத்தண்ணி ஊத்தியாச்சு. கடைக்கு ஆள் அனுப்பட்டா?"

"வேணாம்," என்று உம்மா எழுந்தாள். "சாயத்த மட்டும் கொண்டா."

போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைக்கவில்லை, பனியனில் சுற்றவும் இல்லை. லேபல் வெளியே தெரியப் போத்தலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடு அறைக்கு நடந்தாள். ஓதல் ஒவ்வொரு வாயாக நின்றது. மையத்து இருந்த இடத்தில் விரித்த பாய் இன்னும் அப்படியே கிடந்தது. அதைச் சுற்றி வந்து ஹமீமா மாமிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாமியின் கண் லேபலில் விழுந்து அங்கேயே நின்றது. அறையில் பெரியவர் சின்னவர் எல்லோருடைய கண்ணும் அங்கேதான் நின்றது.

"கைய நீட்டுங்க மதினி," என்றாள் உம்மா.

மாமி நீட்டினாள். நீட்டாமல் இருக்க முடியவில்லை. உம்மா மூடியைத் திருகி, போத்தலைச் சாய்த்து, காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு சொட்டு கறுத்துத் திரண்டு, நீளமாக இறங்கி மாமியின் உள்ளங்கையில் உட்கார்ந்தது. கித்துள் பாணியின் புகைமணம் சாம்பிராணியை விலக்கிக்கொண்டு எழுந்தது.

"அவர் ரகசியமாத் தின்ட இனிப்பு. மிச்சம் வச்சிட்டுப் போயிருக்காரு," என்றாள் உம்மா. "சீனி இல்ல வீட்டுல. இத நக்கிக்கிட்டுக் குடிங்க."

மாமி கையைப் பார்த்தாள். நக்கினாள். ஒரு மிடறு சாயம் குடித்தாள். மறுபடி நக்கினாள். அவளுடைய கண்ணிலிருந்து நீர் இறங்கி மூக்கோரமாக ஓடியது, துடைக்கக் கை காலியில்லை. அடுத்தவள் தானாகவே கையை நீட்டினாள். உம்மா ஒருவரையும் விடாமல் பாயைச் சுற்றி வந்தாள், ஒவ்வொருவருக்கும் ஒரு சொட்டு, அதற்கு மேல் இல்லை.

மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. பஸ்லி பின்வாசல் வழியாக வந்தான். கிணற்றடியில் மண் ஒட்டியிருந்த காலைக் கழுவினான், முகத்தைக் கழுவினான், குசினிப் படியில் உட்கார்ந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆதிபா ஒரு கோப்பை சாயத்தைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு போத்தலை எடுத்து வந்தாள். வாய் விளிம்பில் எறும்புகள் ஏறத் தொடங்கியிருந்தன. அவன் லேபலைக் கண்டதும் முகம் வெளிறினான்.

"கைய நீட்டு," என்றாள்.

அவன் நீட்டவில்லை. அவளே அவன் கையைப் பிடித்து விரித்து, எறும்புகளை ஊதிவிட்டு, போத்தலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் எடுத்தது. சொட்டு விழுந்ததும் பஸ்லி அதை மோந்து பார்த்தான். நாக்கில் வைத்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான், பள்ளிக்குப் போகுமுன் பார்த்த அதே பார்வை. அவள் பார்வையை விலக்கவில்லை.

சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். கடைசி மிடறு இருக்கும்போது நிறுத்திக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கையை மறுபடி நீட்டினான்.